மீனவருக்கும் சுவெட்டர் போட்டவர்

அமிர்தலிங்கத்துக்கு இரண்டு வேலை. பகலில், குளிர்ந்த மலையூரான பிரிஞ்சாங்குக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்து ஆலையில் பலகைப் பெட்டிகளுக்கு மார்க்கு அடிப்பார். எழுத்து வெட்டிய தகரத் தகட்டைப் பெட்டியின் பக்கத்தில் வைத்துக் கறுப்பு மையைப் பிரஷ்ஷால் தேய்த்தால், தோட்டத்தின் பெயரும் தூளின் ரகமும் விழும். மாலையில், கோலாலம்பூரிலிருந்து வரும் ‘மக்கள் தூது’ வாரப் பத்திரிகைக்குக் கேலிச்சித்திரம் வரைவார். முதல் வேலை சோறு போட்டது. இரண்டாவது வேலை அவரை மனிதராக வைத்திருந்தது. நாள் முழுக்க யாரோ ஒரு கம்பெனியின் பேரையே அடித்துக்கொண்டிருக்கிற ஆளுக்கு, வாரம் ஒரு தடவை ஒரு சின்னக் கட்டத்துக்குள் தன் பேர் விழுவது எவ்வளவு பெரிய சங்கதி என்று பேர் எடுத்தவர்களுக்கு விளங்காது.

அந்தக் கட்டம் அவருக்குக் கிடைத்ததே ஒரு கூத்து. எழுபத்து நாலில் கடைகளில் சீனி தட்டுப்பாடு. டவுனில் ஒரு கடைக்காரர் மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டே ‘சீனி இல்லை’ என்று கையை விரித்ததாகத் தொழிலாளர் லயத்தில் பேச்சு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அமிர்தலிங்கம் உடைந்த பெட்டி மூடி ஒன்றில் மார்க்கு மையாலேயே அந்தக் காட்சியை வரைந்து வைத்தார். ஆலையே சிரித்தது. தேயிலை லோரி ஓட்டுகிற ஹரோல்டு அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை கிள்ளான் துறைமுகத்துக்குப் பெட்டி ஏற்றிக்கொண்டு போனவன், வழியில் கோலாலம்பூரில் லோரியை நிறுத்தி, பலகையோடு பத்திரிகை ஆபீசுக்குள் நுழைந்துவிட்டான். அடுத்த ஞாயிறு அது அச்சில் வந்தது. ஆசிரியர் ராஜநாயகம் ஹரோல்டிடமே சொல்லி அனுப்பினார்.

“நல்லாருக்குன்னு சொல்லு. அடுத்த வாரமும் வேணும். ஆனா கடுதாசியில வரையச் சொல்லுலா. பலகையை வைக்க இங்க இடம் இல்ல.”

அன்றிலிருந்து புதன்கிழமை மாலைகள் மாறிப்போயின. வானொலியில் செய்தி கேட்டுவிட்டு, அடுப்படி மேசையின் ஒரு முனையில் அமிர்தலிங்கம் உட்காருவார். மறுமுனையில் அவர் மனைவி ருக்குமணி பின்னல் ஊசிகளோடு உட்காருவாள். பகலில் கொழுந்து பறிக்கிறவள். மாலையில் கை சும்மா இருந்தால் அவளுக்கு உடம்புக்கு ஆகாது. தோட்டத்தில் பாதிப் பேர் அவள் பின்னிய சுவெட்டரைத்தான் போட்டிருந்தார்கள். மார்பில் குறுக்கே ஒரு வரிசை, இரண்டு இலையும் நடுவில் ஒரு கொழுந்துமாக வரும். அது அவளே கண்டுபிடித்த பின்னல். யார் கேட்டாலும் சொல்லித்தர மாட்டாள்.

கணவர் வரைவதை அவள் எட்டிப் பார்ப்பாள். அரசியல் அவளுக்கு வேண்டாம். “இந்தாளுக்குக் கழுத்துப் பட்டி தொங்குது பாருங்க. அப்படிப் பின்னுனா ஒருத்தி போட்டுக்குவாளா?” என்பாள். அவரும் சமர்த்தாக அழித்துவிட்டுச் சரியாகப் போடுவார்.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. அமிர்தலிங்கத்தின் படங்களில் எல்லாரும் சுவெட்டர் போட்டிருந்தார்கள். ‘நம்ம ஆளு’ என்று அவர் பேர் வைத்த ஒல்லிப் பொதுஜனம் போட்டிருந்தான். அவனை ஏய்க்கிற தொந்திக்காரர் போட்டிருந்தார். கடலில் வலை வீசுகிற மீனவர் போட்டிருந்தார். கொளுத்துகிற வெயிலில் நாற்று நடுகிற கெடா மாநில விவசாயியும் முழுக்கைச் சுவெட்டரோடு சேற்றில் குனிந்திருந்தார். எல்லார் மார்பிலும் ருக்குமணியின் இரண்டு இலையும் ஒரு கொழுந்தும்.

மலைக்குக் கீழே வெயில் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஈப்போவில் மைத்துனன் கல்யாணத்துக்குப் போய் வெந்து திரும்பியவர்தான். ஆனால் ஈப்போவுக்குப் போனது அவருடைய உடம்பு. கை தோட்டத்திலேயே இருந்தது. பிறந்ததிலிருந்து அவர் பார்த்த ஆண் பெண் அத்தனை பேரும் பனியில் சுவெட்டரோடு நடந்தவர்கள். மூக்குக்குக் கீழே வாய் மாதிரி, கழுத்துக்குக் கீழே சுவெட்டர் என்று கை முடிவுகட்டிவிட்டது. வரைந்தவருக்கு அது கண்ணிலேயே படவில்லை. தோட்டத்திலும் ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. அங்கே எல்லாருக்கும் அதே கண்தானே.

இப்படியே எட்டு வருஷம் ஓடியது. பத்திரிகையில் அந்தக் கட்டம் இல்லாத ஞாயிறு இல்லை. ‘தொந்திக்காரர் போட்ட மாதிரி’ சுவெட்டர் வேண்டும் என்று கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லோரிக்காரர்கள்கூட ருக்குமணியிடம் சொல்லி வைத்தார்கள்.

எண்பத்திரண்டில் ஒரு திங்கட்கிழமை ஹரோல்டு லோரியை விட்டு இறங்கும்போதே பத்திரிகையை ஆட்டிக்கொண்டு வந்தான்.

“அண்ணே, அரைப் பக்கம் உங்களைப் பத்தி எழுதியிருக்காங்க! எனக்கு ஒண்ணும் புரியல. அப்ப பெரிய விஷயமாத்தான் இருக்கும்லா.”

எழுதியவர் கிள்ளானில் தமிழாசிரியராக இருந்த பழனியப்பன். தலைப்பு, ‘அமிர்தலிங்கத்தின் சுவெட்டர்: ஓர் ஆய்வு’. இந்த வெப்ப நாட்டில் ஓவியர் தம் மாந்தர் அனைவருக்கும் சுவெட்டர் அணிவிப்பது ஏன் என்று கேட்டு, அவரே பதிலும் சொல்லியிருந்தார். அதிகாரம் குளிர்ந்துவிட்டது, ஈரமற்ற சமுதாயத்தில் ஏழை நடுங்குகிறான், ஏய்ப்பவனும் உள்ளுக்குள் நடுங்குகிறான். மார்பில் வரும் மூன்று முனைகள் இந்நாட்டின் மூன்று இனங்களைக் குறிக்கின்றன. நடு முனை சற்றே சிறுத்திருப்பது எந்த இனத்தின் நிலையைச் சுட்டுகிறது என்பதை வாசகரே உணர்வர்.

அமிர்தலிங்கம் பெட்டிமேல் உட்கார்ந்து படித்தார். படித்துவிட்டு, வீட்டில் அடுக்கி வைத்திருந்த பழைய பத்திரிகைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். மீனவர், சுவெட்டர். விவசாயி, சுவெட்டர். பினாங்கு கடற்கரையில் குளிக்கிற வெள்ளைக்காரன், தண்ணீருக்குள் சுவெட்டர். பதினெட்டு டிகிரிக் குளிரில் மனுசனுக்கு வியர்த்துக் கொட்டியது.

“ருக்கு, நான் இத்தன வருசமா என்ன பண்ணி வச்சிருக்கேன்னு பாரு!”

ருக்குமணி பார்த்தாள். முதலில் அவளுக்குத் தப்பு எதுவும் தெரியவில்லை. குளிக்கிற வெள்ளைக்காரனைக் கண்டதும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நூல் உருண்டை உருண்டு அடுப்படிக்குப் போனதுகூடத் தெரியாமல் சிரித்தாள். “நடுக் கொழுந்து சின்னதாத்தானே இருக்கும்? அதுக்கு என்னா இனமாம்?” என்று கேட்டுவிட்டு மறுபடி சிரித்தாள்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. விஷயம் வெளியே தெரிந்தால் நாடு முழுக்கச் சிரிக்கும். ‘வெயில் தெரியாத மலைக்காட்டான்’ என்று ராஜநாயகம் கட்டத்தைப் பிடுங்கி வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். மிஞ்சுவது மார்க்குத் தகடு மட்டும்தான். சத்தம் போடாமல் தப்பைத் திருத்திவிடுவது என்று முடிவு செய்தார். அந்தப் புதன்கிழமை ‘நம்ம ஆளு’ முதல்முறையாக வெறும் சட்டையோடு வந்தான்.

அது பெரிய வம்பாகிவிட்டது. மறு ஞாயிறு வாசகர் கடிதப் பக்கம் கொதித்தது. சுவெட்டர் எங்கே? கழற்றச் சொன்னது யார்? மேலிடத்து மிரட்டலா? உண்மையை எவ்வளவு நாள் மூடி வைப்பீர்கள்? பழனியப்பன், ‘ஒரு சுவெட்டரைக் கண்டு அஞ்சுகிறதா அதிகாரம்?’ என்று முழுப் பக்கம் எழுதினார். அதிகாரத்தில் இருந்த யாருக்கும் அப்படி ஒரு சுவெட்டர் இருந்ததே தெரியாது என்பது வேறு கதை. வீட்டிலும் நிலைமை சரியில்லை. படத்தைப் பார்த்துச் சிரித்தவளே இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“சுவெட்டர் போட்டது தப்புன்னா தப்புதான். ஆனா என் பின்னல் உங்களை என்னா பண்ணிச்சு? ஒரு வார்த்த கேட்டீங்களா?”

மூன்றாவது நாள் ஆலை ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி ஆள் அனுப்பினார். கோலாலம்பூரிலிருந்து போன். மறுமுனையில் ராஜநாயகம்.

“அமிர்தம், பத்திரிகை ரெண்டு மடங்கு விக்குது. இந்த வாரம் சுவெட்டரைத் திரும்பப் போடு. மக்கள் ஜெயிச்சுட்டாங்கன்னு போட்டுக்கலாம். அப்புறம் இன்னொண்ணு. அடுத்த மாசம் நம்ம ஆண்டு விழா. நீ வந்து அந்தச் சுவெட்டருக்கு என்ன அர்த்தம்னு பேசணும். வாசகருங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க. ஒண்ணும் பயப்படாத, பத்து நிமிஷம்தான்.”

சுவெட்டர் திரும்பி வந்தது. நாட்டில் பல ஊர்களில் அது வெற்றியாகக் கொண்டாடப்பட்டது. ஆனால் அமிர்தலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. பத்து நிமிஷம் என்ன பேசுவார்? கடைசியில் ஒரே வழிதான் தோன்றியது. பழனியப்பனின் கட்டுரையை எடுத்து, பள்ளிப்பிள்ளை மாதிரி மனப்பாடம் செய்ய ஆரம்பித்தார். ‘குளிர்ந்துவிட்ட அதிகாரம்’ என்று பெட்டிக்கு மை தேய்த்துக்கொண்டே முணுமுணுப்பார். பக்கத்தில் இருந்தவர்கள் தோட்டத்து மேனேஜரைச் சொல்கிறார் என்று நினைத்துப் பயந்துபோனார்கள்.

“பொய் சொல்லப் போறீங்களா?” என்று கேட்டாள் ருக்குமணி.

“பொய் இல்ல ருக்கு. வாத்தியாரு எழுதுனதுதானே. நான் திருப்பிச் சொல்றேன், அவ்வளவுதான்.”

“ம்,” என்றாள் அவள். கல்யாணமான நாளிலிருந்து அந்த ‘ம்’முக்கு அவர் பயந்தவர்.

விழா நாளன்று விடியற்காலையில் தானா ராத்தாவில் இருவரும் பஸ் ஏறினார்கள். ருக்குமணி புதிதாகப் பின்னிய நீலச் சுவெட்டரைப் போட்டிருந்தாள். வளைந்து வளைந்து இறங்கித் தாப்பா வந்ததும் அதைக் கழற்றிக் கையில் மாட்டிக்கொண்டாள். அமிர்தலிங்கமும் கழற்றினார். ஜன்னல் வழியே சாலையில் போகிற ஒவ்வொருவரையும் பார்த்தார். ஒருத்தர் உடம்பிலும் சுவெட்டர் இல்லை. பனியனோடு சைக்கிளில் போகிற கிழவர்கூட அவரைக் கேலி செய்துகொண்டு போவதாகத் தோன்றியது.

கோலாலம்பூர் மண்டபம் நிறைய ஆட்கள். தலைக்குமேல் காற்றாடிகள் சுற்றியும் புழுக்கம் தாங்கவில்லை. மேடையில் ராஜநாயகம், தங்க ஃபிரேம் கண்ணாடியும் குட்டைத் தாடியுமாக, அமிர்தலிங்கத்தைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்தார். அமிர்தலிங்கம் கண்ணை மூடி மனப்பாடத்தை ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். எல்லாம் நினைவில் இருந்தது. கொஞ்சம் தெம்பு வந்தது.

“முதலில், இந்த ஆய்வைத் தொடங்கி வைத்த ஆசிரியர் பழனியப்பன் பேசுவார்,” என்று அறிவித்தார்கள்.

பழனியப்பன் எழுந்தார். கணீர்க் குரல். குளிர்ந்துவிட்ட அதிகாரம் என்று ஆரம்பித்தார். ஈரமற்ற சமுதாயத்தைச் சொன்னார். ஏழையின் நடுக்கத்தைச் சொன்னார். மூன்று முனைகளையும் மூன்று இனங்களையும், நடு முனையின் சிறுமையையும் ஒன்று விடாமல் சொன்னார். கைதட்டல் கூரையைத் தூக்கியது. கீழே முன் வரிசையில் இருந்த ருக்குமணி கணவரைப் பார்த்தாள். அமிர்தலிங்கத்தின் முகத்தில் ஈயாடவில்லை. சேர்த்து வைத்திருந்த எல்லாவற்றையும் அந்த மனிதர் துடைத்து எடுத்துவிட்டாரே! இனி அவரிடம் மிச்சம் இருந்தது உண்மை ஒன்றுதான்.

பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒலிபெருக்கிக்கு முன்னால் போய் நின்றார்.

“எல்லாருக்கும் வணக்கம். வாத்தியாரு ரொம்ப நல்லாப் பேசுனாரு. அவரு சொன்னது எதுவும் எனக்குத் தெரியாதுங்க. எங்க ஊர்ல குளிரும். நான் பொறந்ததுலேர்ந்து பாத்த மனுசங்க எல்லாரும் சுவெட்டர் போட்டவங்க. மனுசன வரைஞ்சா கை தன்னால சுவெட்டர் போட்டுருது. மீனவங்களுக்கு எதுக்குன்னு நான் யோசிக்கல. வாத்தியாரு எழுதுன அப்புறந்தான் எனக்கே தெரியும். அந்த மூணு முனை தேயிலைக் கொழுந்துங்க. என் வீட்டுக்காரம்மா பின்னல். அவ்வளவுதான். மன்னிச்சுக்கங்க.”

முதலில் நாலு பேர் ஜோக் என்று நினைத்துச் சிரித்தார்கள். அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள். பின்னாலிருந்து ஒருவர் எழுந்து கத்தினார்.

“அப்ப நாங்க கடிதம் எழுதுனது, சண்டை போட்டது எல்லாம் என்னா? எங்களை முட்டாளாக்கிட்டீங்களா?”

அமிர்தலிங்கம் ராஜநாயகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டம் போய்விட்டது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. எட்டு வருஷத்துப் புதன்கிழமைகள் இந்தப் புழுக்கத்தில் கரைந்துபோவதை நின்று பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அப்போது நடு வரிசையிலிருந்து ஒரு பெண்மணி எழுந்தாள். உயரமானவள், நரை ஓடிய கொண்டை, நீண்ட கைகள். பக்கத்தில் இருந்தவள் உட்காரச் சொல்லிச் சேலையைப் பிடித்து இழுத்தாள். அவள் உட்காரவில்லை.

“ஐயா, நான் மணியம்மா. பீடோருக்குப் பக்கத்துல பால்மரம், ரப்பர்த் தோட்டம். எனக்குப் படிக்க வராது. எம்மவ படிச்சுச் சொல்லும். படத்த நானே பாத்துக்குவேன். நாங்க விடியறதுக்கு முந்தி பால் வெட்டப் போவோம். பனி கொட்டும். ராத்திரி மழ பேஞ்சிருந்தா மரமெல்லாம் சொட்டும். கத்தி புடிக்கிற கை வெறைச்சுப் போயிரும். வெயில் வந்தப்புறம் வர்றவங்களுக்கு அது தெரியாது. வெயில் ஊருக்காரிக்கு என்னா குளிருன்னு கேப்பாங்க. நீங்க ஒரு தடவ பால் வெட்டுறவள வரைஞ்சு சுவெட்டர் போட்டிருந்தீங்க. நான் எம்மவகிட்ட சொன்னேன், பாரு, இந்தாளுக்குத் தெரிஞ்சிருக்குன்னு. நீங்க தெரியாம போட்டேங்கிறீங்க. போட்டுட்டீங்கல்ல? அது போதும். கழட்டிராதீங்க.”

அவள் உட்கார்ந்துவிட்டாள். யாரும் கைதட்டவில்லை. கத்தினவர் மெல்ல நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அமிர்தலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது; அதை அவர் மறைக்கவும் இல்லை.

ருக்குமணி முன் வரிசையிலிருந்து எழுந்து நடந்து போனாள். கையில் மாட்டியிருந்த நீலச் சுவெட்டரை மணியம்மாவின் மடியில் வைத்தாள்.

“அக்கா, இதப் போட்டுக்குங்க. இது படமில்ல.”

மணியம்மா வேண்டாம் வேண்டாம் என்றாள். பிறகு அந்தப் புழுக்கத்திலேயே அதைப் போட்டுப் பார்த்தாள். உடம்பு சரியாக இருந்தது; கை மட்டும் முழங்கைக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டது. இரண்டு பெண்களும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். அப்போதுதான் மண்டபம் கைதட்டியது; அந்தத் தட்டலில் காற்றாடிச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் பழனியப்பன் தயங்கித் தயங்கி வந்தார். “ஐயா, அந்த நடு முனை… கொழுந்துதானா?” என்றார். “ஆமாங்க,” என்றார் அமிர்தலிங்கம். “கொழுந்து என்பதும் ஆழமான சொல்தான்,” என்று சொல்லிவிட்டுப் பழனியப்பன் போனார். அந்த மனிதரைத் திருத்த முடியாது. திருத்த வேண்டியதும் இல்லை.

ராஜநாயகம் வாசல்வரை கூட வந்தார்.

“எனக்கு முதல் பலகையிலேயே தெரியும்லா,” என்றார். “சீனிக் கடைக்காரனுக்கு எதுக்கு சுவெட்டர்னு கேக்கலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள அடுத்த படம் வந்துருச்சு. அப்புறம் நான் உன் சுவெட்டருக்குப் பழகிட்டேன். சரி, நேரமாச்சு, பஸ்ஸைப் பிடிங்க. வெள்ளிக்கிழமை ஹரோல்டோட படம் வந்துரணும்.”

அவ்வளவுதான் அவர் சொன்னது. அமிர்தலிங்கத்துக்கு அது போதும்.

திரும்பும்போது மலையேறி ரிங்லெட் தாண்டியதும் பனி இறங்கியது. ருக்குமணிக்குப் பல் தந்தியடித்தது. அமிர்தலிங்கம் தன் சுவெட்டரை அவளுக்குப் போர்த்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டே வந்தார். “மீனவங்களுக்கெல்லாம் இருக்கு, நமக்குத்தான் ஒண்ணு கொறையுது,” என்று அவள் சொல்ல, பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி இருவரும் சிரித்தார்கள்.

புதன்கிழமை மாலை வந்தது. அடுப்படி மேசையில் அமிர்தலிங்கம் உட்கார்ந்து, இருட்டில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டுகிற உயரமான ஒரு பெண்ணை வரைந்தார். கழுத்துக்குக் கீழே வந்ததும் கை ஒரு கணம் நின்றது. எட்டு வருஷமாகத் தன்பாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்த கை, அன்றைக்குத்தான் தெரிந்தே ஒருத்திக்குச் சுவெட்டர் போட்டது. இலை, கொழுந்து, இலை என்று ஒவ்வொன்றாக எண்ணிப் போட்டார்.

மறுமுனையில் ருக்குமணி நீல நூலில் புதிதாக ஒன்று பின்னிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தாள்.

“கை பத்தாதுங்க. அந்தக்காவுக்கு நீளக் கை. மணிக்கட்டு வரைக்கும் வரணும்.”

அமிர்தலிங்கம் ரப்பரை எடுத்து அழித்துவிட்டு, கையை மணிக்கட்டு வரை நீட்டிப் போட்டார்.